தலையை அளக்கிற பத்து நிமிஷம்

போன மாதம் ப்ரீத்தி போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு ஆஸ்பத்திரியில் என் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவள் அவள்தான். ஹரியானாக்காரி. கை சுத்தம், வாய் கொஞ்சம் நீளம்.

"தீதி, புதுத் தொப்பி வந்தாச்சு. இனிமே உங்க டேப்புக்கு வேலை இல்ல" என்றாள் இந்தியில். தீதி என்றால் அக்கா.

மூளையின் மின்னோட்டத்தைப் பதிவு செய்யும் இ.இ.ஜி. பரிசோதனைதான் எங்கள் தொழில். தலையை டேப்பால் அளந்து, புள்ளி வைத்து, ஒவ்வொரு கம்பியாகப் பசை போட்டு ஒட்டுவோம். இனி அது வேண்டாமாம். நீச்சல் அடிப்பவர்கள் போடுகிற மாதிரி ஒரு தொப்பி, எல்லாக் கம்பியும் அதிலேயே தைத்திருக்கிறது. மாட்டினால் இரண்டு நிமிஷத்தில் வேலை முடிந்தது. குடும்பத்தில் யாருக்காவது வலிப்பு உண்டா என்ற கேள்வியைக்கூடக் கீழே பதிவு கவுண்டரில் வரிசையில் நிற்கும்போதே கேட்டு, கம்ப்யூட்டரில் ஏற்றி அனுப்பிவிடுகிறார்களாம்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும் தீதி. குழந்தையோட அம்மாவைத் தவிர எல்லாரையும் வெளியே துரத்திட்டுக் கதவைச் சாத்துவீங்களே, அது ஏன்? பல பேர் உங்களை அகம் பிடிச்சவன்னு சொல்வாங்க."

அகம் பிடித்தவள்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் கதவைச் சாத்தியதற்குக் காரணம் வேறு. அரை மணி நேரம் அவளுக்குச் சொன்னேன். தில்லி துவாரகாவில் என் வீட்டுச் சமையலறையில் குக்கர் விசில் மேல் விசிலாக அடித்து, பருப்பு அடியோடு பிடித்துக்கொண்டது. ப்ரீத்திக்குத் தமிழ் தெரியாது. இதை நான் தமிழில் எழுதுவது அவளுக்காக அல்ல. தில்லியில் எந்த ஆஸ்பத்திரியில் தமிழ் பேசுகிற நர்ஸோ டெக்னீஷியனோ ஒருவர் இருந்தாலும், அந்தக் கட்டடம் முழுவதற்கும் அவர்தான் மொழிபெயர்ப்பாளர். விருப்பமா என்று யாரும் கேட்பதில்லை. அப்படி மாட்டிக்கொண்டிருக்கும் என் ஜாதிக்காரர்களுக்காக, அதாவது மொழிபெயர்ப்பு ஜாதிக்காரர்களுக்காக, இதை எழுதுகிறேன்.

என் அப்பா மத்திய அரசில் குமாஸ்தா. லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸில் வளர்ந்தேன், தமிழ்ப் பள்ளியில் படித்தேன். பி.எஸ்ஸி. முடித்து, ஒரு வருஷம் பயிற்சி எடுத்து, ஒரு அரசு ஆஸ்பத்திரியின் நரம்பியல் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தேன். பயிற்சியில் கற்றதெல்லாம் இயந்திரத்தை எப்படி முடுக்குவது என்பதுதான். தொழிலைக் கற்றது டாக்டர் பல்லாவிடம்.

பல்லா மேடம் குள்ளம். கைத்தறிப் புடவைக்குக் கீழே கான்வாஸ் ஷூ போட்டிருப்பார். பதினொன்றரை மணிக்கு எங்கள் அறைக்கு வருவார். உட்கார மாட்டார். உயரமான மேசையில் காகிதக் கட்டை வைத்து, இடது கட்டை விரலால் தாள் தாளாகத் தள்ளிக்கொண்டே போவார். அப்போதெல்லாம் பேனாக்கள் ஓடும் இயந்திரம். ஒருவருக்கு எடுத்தால் ஒரு கட்டுக் காகிதம் வரும். அவர் படிக்கும்போது நோயாளியைப் பற்றி வாயைத் திறக்கக் கூடாது. "மேடம், இந்தப் பையன் ஸ்கூல்ல விழுந்து..." என்று ஆரம்பித்தால் கையை உயர்த்துவார். "கதை அப்புறம்." கதையைக் கேட்டுவிட்டுப் படித்தால் கதையில் இருப்பதுதான் காகிதத்திலும் தெரியும் என்பது அவர் கட்சி. முதலில் அலை. கடைசியில்தான் நான் நிரப்பிய படிவத்தைத் திருப்பிப் பார்ப்பார். பிறந்தபோது என்ன நடந்தது, காய்ச்சல் வந்ததா, எத்தனை முறை வலிப்பு, என்ன மருந்து. ஐந்தாவது கேள்வி, குடும்பத்தில் வேறு யாருக்காவது உண்டா. இவ்வளவும் என் எழுத்தை நம்பித்தான்.

அறைக்குள் நுழைந்ததும் அவர் கேட்பது ஒரே கேள்வி. "டேப் லகாயா?" டேப் வைத்தாயா?

சேர்ந்த முதல் மாதம் நான் டேப் வைக்கவில்லை. மூக்குத்தண்டின் மேல் பள்ளத்திலிருந்து பின்மண்டை மேட்டுவரை, பிறகு காதிலிருந்து காதுவரை அளந்து, பங்கு போட்டு, சிவப்பு மெழுகுப் பென்சிலால் புள்ளி வைக்க வேண்டும். ஒழுங்காகச் செய்தால் பத்து நிமிஷம் ஆகும். வெளியே நாற்பது பேர் காத்திருந்தார்கள். கண்ணளவிலேயே ஒட்டிவிட்டேன். படுத்திருந்தவர் ஒரு பழைய ஹவில்தார். பல்லா மேடம் தன் கோட்டுப் பையிலிருந்து ஒரு டேப்பை எடுத்து அவர் தலையை அளந்தார். ஒன்றரை சென்டிமீட்டர் தள்ளியிருந்தது. என்னைத் திட்டுவார் என்று நின்றேன். திட்டவில்லை. எல்லாக் கம்பியையும் அவரே பிடுங்கினார். வெந்நீர் வரவழைத்து, பஞ்சால் அந்தப் பெரியவரின் தலையை அவரே துடைத்தார். "மன்னிக்கணும் சாச்சாஜி, நாங்க தப்புப் பண்ணிட்டோம்" என்றார். பிறகு டேப்பை என்னிடம் நீட்டி, "இப்ப அள" என்றார். திட்டியிருந்தால் மறுநாளே மறந்திருப்பேன். அந்த ஒன்றரை சென்டிமீட்டர் ஓய்வு பெறும்வரை என்னை விடவில்லை. அதற்குப் பிறகு தலையை அளப்பதில் நான் தவறியதே கிடையாது. தவறியது வேறு இடத்தில்.

சுமார் பதினெட்டு வருஷத்துக்கு முன்னால், ஒரு செவ்வாய்க்கிழமை, வார்டிலிருந்து போன். "ராஜி, தமிழ்க் குடும்பம் ஒண்ணு அனுப்பறோம். எங்களுக்கு ஒரு வார்த்தை புரியலை."

நாலு பேர் வந்தார்கள். செல்விக்கு இருபத்திரண்டு வயது இருக்கும், கள்ளக்குறிச்சிப் பக்கம். தெற்கு தில்லியில் நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவள் கையில் சந்தோஷ், ஏழு மாதம். பக்கத்தில் மாமியார். கதவோரமாகப் புருஷன் சேகர், பெயிண்டர், நகக்கண்ணெல்லாம் வெள்ளைச் சுண்ணாம்பு. குழந்தையை ஒரு நிமிஷம் பிடி என்று சொன்னபோது கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நகர்ந்துவிட்டான். சரியான பொறுப்பில்லாத ஆள் என்று மனதுக்குள் ஒரு முத்திரை குத்தினேன். எனக்கு முத்திரை குத்துவதில் தாமதமே கிடையாது.

குழந்தை தலை நிற்கவில்லை. யாரையும் பார்க்கவில்லை. இருந்தாற்போல் இரண்டு கையையும் விரித்து, முன்னால் குனிந்து நிமிரும். அடுத்தடுத்துப் பத்து, பதினைந்து தடவை.

"சாமி கும்புடுறான்னு நெனச்சம்மா. எல்லாருகிட்டயும் காட்டுனோம்" என்றாள் மாமியார். பிறகு செல்வியைக் காட்டி, "கெரகணத்தன்னிக்குக் கத்தியத் தொடாதடின்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். வெங்காயம் அரிஞ்சா இவ" என்றாள்.

செல்வி குழந்தையின் சட்டையை இழுத்துவிட்டாள். குழந்தை தலையில் விளக்கெண்ணெய் ததும்பிக்கொண்டிருந்தது. எண்ணெய்த் தலையில் பசை ஒட்டாது. நம் ஆட்கள் தலையைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வருவதற்கு அதுதான் காரணம். ஷாம்பு போட்டுத் துடைத்து, தூக்க மருந்து கொடுத்தேன். அது தூங்கும்வரை சும்மா இருப்பானேன் என்று படிவத்தை எடுத்தேன்.

இங்கேதான் வந்தது தவறு. டாக்டராக இருந்தால் நேராகக் குழந்தையின் தாயிடம் கேட்டிருப்பார். நான் தமிழச்சி. பெரியவள் ஒருத்தி பக்கத்தில் நிற்கும்போது அவளை விட்டுவிட்டு மருமகளிடம் கேட்பது மரியாதை இல்லை என்று ஊறிப்போயிருக்கிறது. மாமியாரைப் பார்த்து, "அம்மா, உங்க குடும்பத்துல வேற யாருக்காவது வலிப்பு உண்டா?" என்று கேட்டேன்.

"எங்கூட்லயா? ஏழு தலமொறைக்குக் கெடயாதும்மா. தெய்வமான குடும்பம்."

பிறகு, ஒப்புக்குத்தான், செல்வி பக்கம் திரும்பினேன். "உங்க அம்மா வீட்டுப் பக்கம்?"

அவள் என்னைப் பார்த்தாள். மாமியாரைப் பார்த்தாள். "இல்லக்கா."

ஐந்தாவது கேள்விக்கு எதிரே 'இல்லை' என்று எழுதினேன்.

பிறகு டேப் வைத்தேன். மில்லிமீட்டர் பிசகாமல் வைத்தேன். இயந்திரத்தைப் போட்டதும் பேனாக்கள் ஒன்றையொன்று இடித்துக்கொள்கிற அளவுக்கு எழும்பின. தூங்குகிற குழந்தைக்கு அவ்வளவு பெரிய, அவ்வளவு வேகமான அலை நான் பார்த்ததில்லை. இயந்திரம்தான் கெட்டுவிட்டதோ என்று அலையின் உயரத்தைப் பாதியாகக் குறைத்து மறுபடி எடுத்தேன். அப்போதும் அப்படியே.

பல்லா மேடம் மூன்று தாள் தள்ளினார், நின்றார். "இந்த மூளை வழவழன்னு இருக்கும், பார்" என்றார். ஸ்கேன் வந்தபோது அப்படியே இருந்தது. மூளைப் படத்தில் நாம் பார்த்துப் பழகிய மடிப்பும் பள்ளமும் இல்லை. கருவில் மூன்றாம், நான்காம் மாதத்தில் மூளையின் உள்ளே பிறக்கும் நரம்பணுக்கள் வெளிப்பக்கம் நகர்ந்துபோய் அதனதன் இடத்தில் அமர வேண்டும். இந்தக் குழந்தைக்கு அவை வழியிலேயே நின்றுவிட்டன. மருந்தால் வலிப்பைக் குறைக்கலாம். நின்றவற்றை நகர்த்த முடியாது.

மேடம் கடைசியில் படிவத்தைத் திருப்பினார். ஐந்தாவது வரியைப் பார்த்தார். "குடும்பத்துல இல்ல. அப்ப பெரும்பாலும் தானா வந்ததுதான்" என்றார். மரபணுச் சோதனை இன்றைக்குப் போல அன்று கைக்கெட்டும் தூரத்தில் இல்லை. ஸ்கேன் எடுக்கவே மாதக்கணக்கில் வரிசை. அடுத்த குழந்தைக்கு வருமா என்று சேகர் கதவோரத்திலிருந்து கேட்டான். வருவதற்கான வாய்ப்பு குறைவு என்றார் மேடம். அதைத் தமிழில் சொன்னது நான்தான்.

இரண்டு வருஷம் கழித்துச் செல்வி மறுபடி வந்தாள். கையில் வேறு குழந்தை. விக்னேஷ், ஐந்து மாதம். இரண்டு கையையும் விரித்து, குனிந்து, நிமிர்ந்தான்.

வாடிக்கையாகச் செய்கிற வேலைகளைச் செய்தேன்: ஷாம்பு, தூக்க மருந்து, டேப். மாமியார் மருந்துச் சீட்டோடு கீழே போயிருந்தாள். சேகர் வேலைக்குப் போய்விட்டான். செல்வி குழந்தையைத் தட்டிக்கொண்டிருந்தாள். தட்டுவது நின்றது. திரும்பிப் பார்த்தேன். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு எதையோ மெல்லுகிற மாதிரி அசைந்தது. வலது கை மெதுவாக உள்பக்கம் முறுக்கிக்கொண்டது. மடியிலிருந்த பால் புட்டி கீழே விழுந்து உருண்டது. கடிகாரத்தைப் பார்ப்பது எங்களுக்கு அனிச்சையாகிவிட்ட காரியம். இருபத்தெட்டு விநாடி. பிறகு அவள் கண் திரும்பி வந்தது.

"தூக்கக் கலக்கம்க்கா" என்றாள், நான் கேட்காமலேயே.

நான் எழுந்துபோய்க் கதவைத் தாழ்ப்பாள் போட்டேன். என்ன கேட்பது, எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. கையில் டேப் இருந்தது. குழந்தையைக் கட்டிலில் விட்டுவிட்டு, அவளை ஸ்டூலில் உட்காரச் சொன்னேன். "உன் தலையையும் ஒருவாட்டி அளந்துக்கறேன்" என்றேன். எதற்கு என்று அவள் கேட்கவில்லை. பின்னால் நின்று அவள் பின்னலை அவிழ்த்தேன். என் முகம் அவளுக்குத் தெரியாது, அவள் முகம் எனக்குத் தெரியாது. மூக்குத்தண்டில் டேப்பை வைத்துப் பின்மண்டைக்கு இழுத்தபோது அவளாகவே பேச ஆரம்பித்தாள்.

"பன்னெண்டு வயசுலேர்ந்து இருக்குக்கா. ஊர்ல ஆசுபத்திரி மாத்தர திண்ணுக்கினு இருந்தேன். கல்யாணத்தப்போ எங்கம்மா யாருகிட்டயும் வாயத் தொறக்காதன்னுச்சு. மூணு மாச மாத்தரய மஞ்சத்தூள் டப்பாக்குள்ள கவர் சுத்தி வச்சி அனுப்புச்சு. அது தீந்துபோச்சு. இங்க எங்க போயி வாங்கறது, என்னான்னு சொல்லிக் கேக்கறது? ஊருக்குப் போறப்ப ஒரு மாசம் திம்பேன்."

"பெரிசா வருமா?"

"கோத்தில வேல செய்யறப்ப ஒருவாட்டி விழுந்துட்டேன். அந்த மேம்சாப்பு மறுநாளே வர வேணான்னுட்டாங்க. வெயில்னு சொல்லிட்டேன் வூட்ல."

கோத்தி என்றால் அவள் வேலை செய்கிற பங்களா. நான் காதிலிருந்து காதுக்கு அளந்தேன். தேவையே இல்லாமல் இரண்டாம் தடவையும் அளந்தேன். முதல் அளவு எனக்கு மறந்துபோயிருந்தது.

சொல்லலாமா என்று அவளிடம் கேட்டுக்கொண்டு, மதியம் பல்லா மேடத்திடம் சொன்னேன். 'கதை அப்புறம்' என்று அவர் கை உயர்த்தவில்லை.

"அன்னைக்கு அஞ்சாவது கேள்வியை யார் கேட்டது?"

"நான்தான் மேடம்."

"ரூம்ல யார் யார் இருந்தாங்க?"

"எல்லாரும்."

"முதல்ல யார்கிட்ட கேட்டே?"

"மாமியார்கிட்ட."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "நீ எழுதின வரியைப் படிச்சேன், அதோட நின்னுட்டேன். நானும் கேக்கலை" என்றார். அவ்வளவுதான். என்னைத் தேற்றவுமில்லை, தன்னைத் தேற்றிக்கொள்ளவுமில்லை. ஸ்கேன் அறைக்குச் செல்வியைக் கையோடு அழைத்துப்போய், வரிசையில் நின்றவர்களிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, அன்றே படம் எடுக்க வைத்தார்.

செல்வியின் மூளையில் மடிப்புகள் இருந்தன. ஆனால் அதற்கு உள்ளே, மேலே இருக்க வேண்டிய அதே சாம்பல் நிறத்தில், இன்னொரு பட்டை ஓடியது. ஒரு மூளைக்குள் இன்னொரு மூளையின் ஓரம் தெரிகிற மாதிரி. பரம்பரையாக வரும் ஒரு மரபணுக் கோளாறு அது. பெண்ணுக்கு வந்தால் பாதி, ஆணுக்கு வந்தால் முழுசு. பிறக்கிற ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வர, பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு.

இதை அவளுக்கு எப்படிச் சொல்வது? மேடம் இந்தியில் சொன்னது ஒன்றும் அவளுக்கு ஏறவில்லை. எனக்கு அவள் தினமும் ஏறுகிற டி.டி.சி. பஸ்தான் நினைவுக்கு வந்தது. பின்பக்கம் ஏறி முன்பக்கம் இறங்க வேண்டிய பஸ். கண்டக்டர் பின்னாலிருந்து 'ஆகே படோ, ஆகே படோ', முன்னால் போங்கள் என்று கத்திக்கொண்டே இருப்பார்.

"உன் பஸ்ல பாதிப் பேரு முன்னாடி போயி அவங்கவங்க இடத்துல உக்காந்துட்டாங்க. பாதிப் பேரு நடுவுலயே நின்னுட்டாங்க. அதான் அந்தப் பட்டை. புள்ளைங்க பஸ்ல முக்காவாசிப் பேரு நடுவுலயே நின்னுட்டாங்க."

அவள் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப வெங்காயம் அரிஞ்சதால இல்லியாக்கா?"

"இல்லை. நீ செஞ்ச எதுவாலயும் இல்லை."

"ஆனா என்கிட்டேர்ந்துதான் வந்துச்சு."

அதை நான் மறுக்க முடியாது. "ஆமா" என்றேன். அவள் அழுதாள். நானும் அழுதேன். பல்லா மேடம் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார்.

"அவருகிட்ட சொன்னா வுட்டுட்டுப் பூடுவாரு" என்றாள் செல்வி. யாரிடம் என்ன சொல்வது என்பது அவள் இஷ்டம், அவள் சம்மதிக்காமல் இங்கிருந்து ஒரு வார்த்தை வெளியே போகாது என்று மேடம் சொல்லச் சொன்னார். அவளுக்கு மாத்திரையை எழுதிக்கொடுத்தார். சந்தோஷோடும் விக்னேஷோடும் போகப்போகும் அவள் வாழ்க்கையில் புருஷனும் கைவிட்டால் என்ன ஆகும் என்று அந்த வாரம் முழுவதும் எனக்குச் சோறு இறங்கவில்லை. போ, சொல்லிவிடு என்று தைரியம் சொல்ல எனக்கு என்ன தகுதி?

அடுத்த செவ்வாய்க்கிழமை அவள் மாமியாரையும் சேகரையும் கூட்டிக்கொண்டு வந்தாள். விக்னேஷ் மாமியார் இடுப்பில் இருந்தான். நான் அவர்களை வெளியே உட்காரச் சொன்னேன்.

"வேணாங்க்கா. இருக்கட்டும்" என்றாள். "அந்தக் கேள்விய இன்னொருவாட்டி கேளுங்க. இவங்க இருக்கறப்பவே கேளுங்க."

படிவத்தை எடுத்தேன். இந்தத் தடவை பெரியவளைப் பார்க்கவில்லை. "செல்வி, உங்க குடும்பத்துல வேற யாருக்காவது வலிப்பு உண்டா?"

"இருக்குக்கா. எனக்குத்தான். பன்னெண்டு வயசுலேர்ந்து. எழுதிக்குங்க."

மாமியார் போட்ட கூச்சலில் தாழ்வாரத்தில் இருந்தவர்கள் எட்டிப்பார்த்தார்கள். ஏமாற்றிவிட்டாள், வம்சத்தைக் கெடுத்துவிட்டாள், அவள் அம்மாவைச் சும்மா விடமாட்டேன். மகனைப் பார்த்து, "இன்னும் ஏன்டா நிக்கற, வா" என்றாள். சேகர் அசையவில்லை. என்னைப் பார்த்து, "அப்ப பெயிண்ட் வாடையால வரலியா?" என்று கேட்டான்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னான். பெயிண்டும் தின்னரும் மூளைக்கு ஆகாது என்று வேலைத்தலத்தில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். செல்வி உண்டாகியிருந்தபோது அந்தத் துணியோடுதான் வீட்டுக்குப் போயிருக்கிறான். சந்தோஷுக்கு இப்படி ஆனதும் தன்னால்தான் என்று முடிவு கட்டிவிட்டான். இரண்டாவது உண்டானபோது குழாயடியில் மண்ணெண்ணெய் போட்டுக் கையைத் தேய்த்துவிட்டுத்தான் உள்ளே போவானாம். அப்படியும் பயம். இரண்டு பிள்ளைகளில் ஒன்றைக்கூட அவன் தூக்கியதே இல்லை.

கூச்சல் கேட்டு வந்து நின்ற மேடத்துக்கு இதை இந்தியில் சொன்னேன். அவர் சேகரையே நேராகப் பார்த்து, இல்லவே இல்லை என்று தலையை ஆட்டி, "நஹீ பேட்டா. பில்குல் நஹீ" என்றார். அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

சேகர் போய்த் தன் அம்மாவின் கையிலிருந்து விக்னேஷை வாங்கினான். தூக்கத் தெரியவில்லை. தலையைத் தாங்காமல் தூக்கினான். செல்வி அவன் கையைப் பிடித்துக் குழந்தையின் பிடரிக்குக் கீழே வைத்தாள். முன்னே குத்திய முத்திரைக்காக நான் வெட்கப்பட்டேன்.

பழைய படிவத்தை எடுத்து, நான் எழுதிய 'இல்லை'யை அடிக்கப் போனேன். மேடம் தடுத்தார். "அடிக்காதே. கீழே எழுது. தேதி போடு, கையெழுத்துப் போடு. ரெண்டும் தெரியணும்." எழுதினேன். அன்றிலிருந்துதான் எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தும் வழக்கம். தலையை அளக்கிற பத்து நிமிஷம், பின்னால் நின்றுகொண்டு, கை தலையில் இருக்கும்போது ஐந்தாவது கேள்வி. தாயிடம் கேட்பதென்றால் தாயை ஸ்டூலில் உட்கார வைத்து, அவள் தலையையும் ஒரு தடவை அளப்பேன். நான் கேட்காத எத்தனையோ விஷயங்கள் எனக்குக் கிடைத்தன. அதையெல்லாம் இங்கே எழுதுவதாக இல்லை.

இந்தக் கதை சுபமாக முடியவில்லை. மாமியார் ஊருக்குப் போய்விட்டாள். ஒரு வருஷம் மருமகளோடு பேசவில்லை. சந்தோஷ் ஆறு வயதில் நிமோனியாவில் போய்ச் சேர்ந்தான். விக்னேஷ் பதினொரு வயதுவரை இருந்தான். சேகரின் தோளில் தலை சாய்த்தபடி எங்கள் தாழ்வாரத்தில் அவனைப் பார்க்காத செவ்வாய்க்கிழமை குறைவு. மூன்றாவது பிள்ளை அவர்கள் பெற்றுக்கொள்ளவில்லை. செல்வியின் மாத்திரை மஞ்சள்தூள் டப்பாவிலிருந்து டி.வி. பக்கத்துக்கு இடம் மாறியது. மாத்திரை வாங்கி வைப்பது சேகர்.

இவ்வளவையும் கேட்ட ப்ரீத்தி, "சரி தீதி, தொப்பி மாட்ட ரெண்டு நிமிஷம், மீதி எட்டு நிமிஷம் கதவைச் சாத்தியே வெக்கறேன்" என்றாள். பிறகு, என்னைச் சமாதானப்படுத்துவதாக நினைத்து, "தனியாக் கேட்டிருந்தாலும் அன்னைக்கு அவ இல்லைன்னுதான் சொல்லியிருப்பா. நீங்க ஏன் மனசுல வெச்சுக்கறீங்க?" என்றாள்.

பல வருஷம் நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நினைப்பை வைத்துக்கொண்டுதான் தூங்கினேன். ப்ரீத்தியிடம் சொல்லாதது ஒன்று பாக்கி இருக்கிறது.

ஓய்வு பெறுகிற மாதம் செல்வி தன் பரிசோதனைக்கு வந்தாள். முன்நெற்றியில் நரை. விக்னேஷ் போய் நாளாகிவிட்டது. அவளை ஸ்டூலில் உட்கார வைத்துப் பின்னால் நின்றேன். டேப்பை இழுத்துப் பிடித்துக்கொண்டு, இத்தனை வருஷமாகக் கேட்காததைக் கேட்டேன்.

"செல்வி, மொதல் தடவை சந்தோஷைத் தூக்கிட்டு வந்தியே, அன்னைக்கு நான் உன்னைத் தனியாக் கூப்பிட்டுக் கேட்டிருந்தா சொல்லியிருப்பியா?"

இல்லை என்று சொல்லிவிடேன் என்று மனசு கெஞ்சியது.

அவள் யோசிக்கக்கூட இல்லை. "சொல்லியிருப்பேங்க்கா" என்றாள். "வந்த எடத்துல நீங்க தமிழ்ல பேசுனீங்க பாருங்க, அப்பவே சொல்லிப்புடணும்னுதான் இருந்துச்சு. அத்த பக்கத்துல நின்னாங்க."

அவள் தலை ஆடாமல் இருந்தது. அளவு முப்பத்தாறு சென்டிமீட்டர். எழுதிக்கொண்டேன்.